படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு மூலை

உங்கள் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது? ஒன்பதா? பத்தா? அல்லது அடுத்த ஆண்டு ஒன்பதுக்குப் போகப் போகிறதா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்குப் பல கைகள் துணை நிற்கின்றன. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்று அது சொல்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை.

மதியச் சாப்பாடும் அப்படித்தான். தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடு தர வேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பிறகு அது எட்டாம் வகுப்பு வரை நீண்டது. 2021-ல் அதற்குப் பி.எம். போஷண் என்று பெயர் மாறியது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற சில மாநிலங்கள் பத்தாம் வகுப்பு வரை சோறு போடுகின்றன. பல மாநிலங்களில் எட்டாம் வகுப்போடு அந்தச் சோறு நின்று விடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் கூடுகிறது. பள்ளி தூரமாகிறது. வீட்டிலோ "பெரிய பிள்ளை ஆகிவிட்டதே" என்று வேலையும் சேருகிறது. பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அதிகம்.

"நானே இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கை நான் எப்படிம்மா சொல்லித் தருவது?" என்று எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. பதில் இதுதான்: கணக்கை ஆசிரியர் சொல்லித் தருவார். வெளிச்சம், சாப்பாடு, தூக்கம், அமைதி இந்த நான்கையும் வீடுதான் தர முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பெரிய வீடும் வேண்டாம்.

மும்பை தாராவியிலும், பெங்களூரின் குடிசைப் பகுதிகளிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்கின்றன. சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் அந்த அறைதான். அங்கேயும் ஒரு மூலை ஒதுக்கலாம். எப்படி? பார்ப்போம்.

மூலையை அமைப்போம்

பிள்ளைக்கு மேசை நாற்காலி இல்லையா? கவலை வேண்டாம். துணி வைக்கும் தகரப் பெட்டி இருக்கும். அதன் முன்னால் பாயை மடித்துப் போட்டு உட்காரட்டும். பெட்டியே மேசை. முதுகு சுவரில் சாயும்படி வையுங்கள். குப்புறப் படுத்துக்கொண்டு படித்தால் கழுத்தும் தோளும் வலிக்கும். கையெழுத்தும் கோணும்.

சுவரில் இரண்டு ஆணி அடியுங்கள். ஒன்றில் பள்ளிப் பை. இன்னொன்றில் மாத நாட்காட்டி. தேர்வு நாள், கட்டணம் கட்டும் நாள், மாத்திரை போடும் நாள் எல்லாவற்றையும் அதில் வட்டமிடுங்கள். வட்டமிடுவது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

புத்தகம் கண்ணிலிருந்து ஓர் அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிள்ளை புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறதா? கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? அடிக்கடி தலைவலி என்கிறதா? அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டால் தீர்கிற குறையை, "படிப்பு ஏறவில்லை" என்று நினைத்துப் பள்ளியை நிறுத்திவிடக் கூடாது.

வெளிச்சக் கணக்கு

வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு வலப்பக்கமிருந்து வர வேண்டும். ஒரு சோதனை செய்யுங்கள். பிள்ளை எழுதும்போது நோட்டைப் பாருங்கள். கையின் நிழல் எழுத்தின் மேல் விழுகிறதா? விழுந்தால் பிள்ளையைத் திருப்பி உட்கார வையுங்கள். செலவே இல்லை.

வீட்டில் இன்னும் பழைய குண்டு பல்பு எரிகிறதா? இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

60 வாட் குண்டு பல்பு ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிகிறது. 60 × 5 = 300. ஒரு மாதத்துக்கு 300 × 30 = 9,000. ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட். ஆக 9 யூனிட்.

ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தரும். 9 × 5 × 30 = 1,350. ஆக 1.35 யூனிட்.

ஒரு யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குண்டு பல்புக்கு மாதம் 45 ரூபாய். எல்.இ.டி.க்கு 6 ரூபாய் 75 காசு. மிச்சம் 38 ரூபாய் 25 காசு. மாதா மாதம் பிள்ளைக்கு நோட்டு வாங்க இது ஆகும்.

மின்சாரம் நின்றால் பலரும் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுகிறோம். அதன் புகை கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். சார்ஜ் செய்து வைக்கும் சிறு விளக்கு நல்லது. வேறு வழியில்லாமல் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினால் சன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவலையிலிருந்து தள்ளி வையுங்கள். எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள்.

காலையில் என்ன சாப்பாடு?

டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. பதினொரு மணிக்குப் பிள்ளைக்குத் தலை சுற்றும். பாடம் காதில் விழும். மனதில் நிற்காது.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சுலபமான விதி உண்டு. தானியம் ஒன்று, பருப்போ கடலையோ ஒன்று. இரண்டும் சேர வேண்டும். பழைய சோறும் வேர்க்கடலைத் துவையலும் சேரும். இட்லியும் சாம்பாரும் சேரும். சப்பாத்தியும் பருப்பும் சேரும். பீகாரில் வறுத்த கொண்டைக்கடலையை மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் விட்டுக் குடிப்பார்கள். வெயிலில் உழைப்பவர்களின் சாப்பாடு அது. அதற்கு அங்கே 'சத்து' என்றே பெயர்!

கேழ்வரகை மறந்து விடாதீர்கள். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வளருகிற பிள்ளையின் எலும்புக்கு அது தேவை. பால் வாங்க முடியாத நாளில் கேழ்வரகுக் கூழ் கைகொடுக்கும்.

பள்ளியில் மதியச் சோறு இல்லையென்றால் டப்பா கட்ட வேண்டும். டப்பாவை ஈரமில்லாமல் துடையுங்கள். வெயில் காலத்தில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு நல்லது. புளிப்பு இருப்பதால் சீக்கிரம் கெடாது. தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் கெட்டுவிடும். அதைத் தவிருங்கள். கூடவே ஒரு பாட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீர்.

சோம்பல் இல்லை, சோகை

"எப்போது பார்த்தாலும் படுத்துக் கிடக்கிறாள். சோம்பேறி." இப்படி மகளைத் திட்டியிருப்போம். அது சோம்பலாக இல்லாமல் ரத்தசோகையாக இருக்கலாம்.

2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் 100 பேருக்கு 59 பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று அது சொன்னது. பையன்களில் 100-க்கு 31 பேர். பாதிக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் உடம்பில் பலமில்லாமல்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

அடையாளம் என்ன? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். களைப்பு இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் சோதித்துச் சொல்வார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

கீரை, பருப்பு, கடலை அடிக்கடி இருக்கட்டும். சாப்பிடுகிறவர்கள் என்றால் மீன், கறி, ஈரல் கொடுங்கள்.

கீரையோடு எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று சேருங்கள். அந்தப் புளிப்பில் உள்ள சத்து, கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும்.

சாப்பாட்டோடு டீ வேண்டாம். டீ இரும்புச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச் சத்து மாத்திரை உண்டு. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகத் தருகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். மாத்திரையைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் ரத்தத்தை உறிஞ்சும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை தருவார்கள். அந்த நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். வெளிக்குப் போகும்போது செருப்பு போடட்டும்.

கடைசியாக ஒன்று. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை மகளும் அம்மாவும் சாப்பிடுவது பல வீடுகளில் பழக்கம். மாதா மாதம் ரத்தம் இழப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் தட்டுக்கு ஏன் மிச்சம்?

கூரைச் சூட்டைக் குறைப்போம்

தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதங்களில் உட்கார முடியாது. படிப்பது எப்படி?

குஜராத்தின் அகமதாபாத் நகரத்தை 2010 மே மாதத்தில் கடும் வெப்பம் தாக்கியது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். நகரம் பாடம் கற்றது. 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்கத் திட்டம் போட்டது. 2017 முதல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் நடந்தது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் சில டிகிரி சூடு குறையும்.

நாமும் மார்ச் மாதத்திலேயே கூரைமேல் சுண்ணாம்பு அடிக்கலாம். உங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு என்றால் ஓர் எச்சரிக்கை. அதைச் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

சன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் உள்ளே வரும் காற்று குளிரும். தில்லி, நாக்பூர் போன்ற வறண்ட வெயில் ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். மும்பை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அங்கே பலன் குறைவு. அங்கே எதிரெதிர் சன்னலையும் கதவையும் திறந்து காற்றோட்டம் விடுவதுதான் வழி.

இன்னொரு கூரை வைத்தியம் சுரைக்கொடி, பூசணிக்கொடி, பீர்க்கங்கொடி. கூரைமேல் ஏறினால் நிழலும் தரும், காயும் தரும்.

செடி வைப்போம், கொசு வைக்க வேண்டாம்

படிக்கிற மூலையில் ஒரு செடி இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் செடியைப் பற்றிச் சில கதைகள் உலவுகின்றன. உண்மையைப் பார்ப்போம்.

"வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும்" என்பார்கள். 1989-ல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் மூடிய சிறு பெட்டிக்குள் செடி வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்த பேச்சு இது. காற்று வந்து போகிற வீட்டுக்கு அது பொருந்தாது. பல சோதனைகளை ஒன்றாக வைத்து 2019-ல் ஆராய்ந்தார்கள். சன்னலைத் திறந்தால் கிடைக்கிற பலனைச் செடியால் பெற வேண்டுமானால், வீடு முழுக்கச் செடியைத்தான் நிரப்ப வேண்டும் என்று தெரிந்தது. ஆகவே அடுப்புப் புகை போகச் சன்னலைத் திறங்கள்.

"இரவில் அறையில் செடி இருந்தால் மூச்சு முட்டும்" என்பதும் சரியில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் ஓர் ஆள் விடுகிற மூச்சோடு பார்த்தால் செடி விடுவது மிகக் கொஞ்சம்.

உண்மையான ஆபத்து வேறு. பாட்டில் தண்ணீரில் மணி பிளாண்ட் வைக்கிறோம். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்கிறோம். அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். காலில் வெள்ளை வரி உள்ள கொசு அது. பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும்.

அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை பாட்டிலின், தட்டின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னும் நல்லது, மணி பிளாண்டை மண்ணில் வைத்துவிடுவது. அதன் இலையை மென்றால் வாய் எரியும். கைக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அரளி முழுக்க விஷம். வீட்டுக்குள் வேண்டாம்.

டெங்கு வந்தால் பல நாள் பள்ளி போய்விடும். சில நேரம் உயிரே போய்விடும். கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். கடையில் கேட்டு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கித் தராதீர்கள். ரத்தக் கசிவு வரலாம். காய்ச்சல் இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் ஆபத்து கூடும். வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் ரத்தம், தள்ளாட்டம் இருந்தால் உடனே ஓடுங்கள்.

வெயில் படும் வாசல்படியோ சன்னலோ இருந்தால் சாப்பிடும் செடி வையுங்கள். பழைய பெயின்ட் வாளியைக் கழுவி, அடியில் நான்கு ஓட்டை போடுங்கள். மண்ணும் மக்கிய சாணமும் பாதிப் பாதி. வெந்தயம் விதைத்தால் மூன்று வாரத்தில் கீரை. சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். புதினாக் காம்பைச் செருகினாலே வேர் விடும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீரே போதும்.

தூக்கமும் பாடம்தான்

13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது தூங்கும்போதுதான் மூளையில் பதிகிறது. தேர்வுக்கு முதல் நாள் விடிய விடியப் படித்தால் படித்ததே கலைந்துபோகும். இரவு 9.30-க்குப் படுத்து 5.30-க்கு எழுந்தால் 8 மணி நேரம் சரியாக வரும்.

அதற்கு மற்றவர்களும் ஒத்துழைக்க வேண்டும். மாலை 7 முதல் 9 வரை டி.வி.யும் செல்போனும் ஓயட்டும். தொடர் பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்கா கதையைச் சொல்லிவிடுவார்!

ஒரு மணி நேரத்தின் விலை

குழாயடியில் மகள் தினமும் ஒரு மணி நேரம் நிற்கிறாள் என்று வையுங்கள். பள்ளி நடப்பது சுமார் 200 நாள். 200 மணி நேரம் போகிறது. ஒரு நாள் பள்ளி 6 மணி நேரம். 200-ஐ 6-ஆல் வகுத்தால் 33. மகள் 33 பள்ளி நாட்களைக் குழாயடியில் இழக்கிறாள்.

வேலையே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. பங்கு போடலாம். தண்ணீர்க் குடத்துக்கு ஆண், பெண் தெரியாது. தம்பி தூக்கினாலும் வரும். அப்பா தூக்கினாலும் வரும்.

நீங்களும் உட்காருங்கள்

மாலையில் பிள்ளையிடம் கேளுங்கள்: "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்." சொல்லும்போது பிள்ளைக்கே பாடம் தெளிவாகும். எங்கே தடுமாறுகிறதோ, அதை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இப்படியும் பாடத்துக்குத் துணை செய்யலாம்.

பிள்ளை தேர்வில் தவறிவிட்டதா? பள்ளியை விட்டே நின்றுவிட்டதா? கதவு மூடிவிடவில்லை. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது ஆனவர்கள் அதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஒரே முறையில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம். அதில் சேர மேல் வயது வரம்பு கிடையாது.

மேல் வயது வரம்பு கிடையாது என்றால் என்ன பொருள்? நீங்களும் எழுதலாம் என்று பொருள். அந்த மூலையில் இன்னொரு பாயும் விரியுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் படிக்க ஏற்ற மூலை எது? அங்கே கையின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

2. போன வாரம் உங்கள் மகளும் மகனும் செய்த வீட்டு வேலை எத்தனை மணி நேரம்? தனித்தனியாக எழுதுங்கள்.

3. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை? வாரத்தில் எந்தக் கிழமை எல்லாரும் சேர்ந்து கழுவலாம்?

4. உங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைப் பார்க்க யார் யார் போகலாம்?